எடை அதே, தசை எங்கே?

வயது ஏற ஏற உயரம் குறையும். நாற்பதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் என்பது பொதுவான கணக்கு. முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள தட்டுகள் நீர் வற்றி மெலிகின்றன, எலும்பும் நலிந்து அமுங்குகிறது. ஊசியில் நூல் கோக்கக் கையைத் தள்ளிப் பிடிக்கிறோமே, அது கண்ணின் வில்லை விறைத்துப்போவதால். இவையெல்லாம் சீக்கிரமே தெரிந்துவிடும். தெரியாமல் போவது தசை. அதைப் பற்றித்தான் நாம் அதிகம் கவலைப்பட வேண்டும்.

முப்பதைத் தாண்டினால் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் தசை கரைகிறது. அறுபதுக்குமேல் வேகம் கூடும். எடைக் கருவி இதைக் காட்டிக்கொடுக்காது. தசை போன இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்வதால், "இருபது வருஷமா அதே அறுபத்தஞ்சு கிலோ" என்பவரின் தொடையும் உள்ளுக்குள் மாறியிருக்கும்.

முதுகுத் தண்டிலுள்ள ஒரு நரம்பணு, காலில் நூற்றுக்கணக்கான தசைநார்களை இயக்குகிறது. வயதாகி அது மடிந்தால் அத்தனை நார்களும் அநாதையாகின்றன. பக்கத்து நரம்பு கிளைவிட்டுச் சிலவற்றைத் தத்தெடுக்கும். மிச்சம் சுருங்கி அழியும். அதிகம் அடிபடுவது விரைந்து இயங்கும் நார்கள். நிதானமாக நடந்து கோயிலுக்குப் போய்வருகிற பாட்டி ஈரத்தரையில் வழுக்கும்போது சட்டென்று காலை ஊன்றிச் சமாளிக்க முடியாமல் விழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வீட்டிலேயே சோதிக்கலாம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. ஆசிய நிபுணர் குழு 2019இல் வகுத்த அளவு இது. கைப்பிடியின் வலு ஆணுக்கு 28 கிலோ, பெண்ணுக்கு 18 கிலோவுக்குக் கீழே போனாலும் எச்சரிக்கைதான்.

இழந்ததை மீட்க முடியுமா? 1990இல் அமெரிக்காவின் பாஸ்டனில் மரியா ஃபியாடரோன் குழுவினர், முதியோர் இல்லத்தில் இருந்த தொண்ணூறு வயதையொட்டிய 10 பேருக்குக் காலால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். எட்டே வாரத்தில் தொடையின் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. தசையின் பரப்பு கூடியதோ சுமார் 9 சதவீதம்தான். உறங்கிக்கிடந்த நார்களை நரம்பு மறுபடி எழுப்பியதே பெரும்பங்கு. பயிற்சியை நிறுத்தியதும் வலிமை மீண்டும் சரிந்தது.

முதிய தசைக்குப் புரதமும் கூடுதலாக வேண்டும். இரவுக்கு ரெண்டு இட்லி போதும் என்று ஒதுங்கும் தாத்தாவின் தட்டில் ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சேரட்டும்.