இண்டெக்ஸ் திரும்பி வந்துடுச்சு, பணம் வரல: 3 மடங்கு இடிஎஃப் எப்படி வேலை செய்யுது?

(எபிசோடில் பேசியதைப் படிக்க வசதியாகச் சுருக்கி, திருத்தித் தந்திருக்கிறோம்.)

அமெரிக்கப் பங்குச்சந்தை பற்றிப் பேசின எபிசோடுக்கு அப்புறம் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்துச்சு. "நாஸ்டாக் நீண்ட காலத்துல ஏறும்னு எல்லாருமே சொல்றாங்க. அப்போ சாதாரண ஃபண்ட் எதுக்கு? 3 மடங்கு தர்ற ஃபண்டை வாங்கிப் போட்டுட்டு மறந்துடலாமே?"

நியாயமான கேள்விதான். இந்த மாதிரி லீவரேஜ்டு ஃபண்ட் எதுவும் இந்தியச் சந்தையில பட்டியலிடப்படல. ஆனா வெளிநாட்டுப் பங்கு வாங்குற ஆப்கள் வந்த பிறகு அமெரிக்கச் சந்தை நம்ம போனுக்குள்ள வந்துடுச்சு. வெளிநாட்டுல வேலை பார்க்கிற நண்பர்களுக்கு இது ஒரு கிளிக் தூரம். அதனால இந்தக் கேள்விக்கு முழுசா பதில் சொல்லிடலாம்னு நினைச்சேன்.

முதல்ல நிஜமா நடந்த கணக்கு ஒண்ணு. நாஸ்டாக்-100 இண்டெக்ஸைப் பின்பற்றுற ஃபண்ட்கள்ல பிரபலமான ஒண்ணு, புரோஷேர்ஸ் நிறுவனத்தோட அல்ட்ராப்ரோ கியூகியூகியூ. வாய்க்குள்ள நுழையாத பேரு. நான் "3 மடங்கு ஃபண்ட்"னே சொல்றேன்.

2022-ல நாஸ்டாக்-100 சுமார் 33 சதவீதம் விழுந்துச்சு. 3 மடங்கு ஃபண்ட் சுமார் 79 சதவீதம் விழுந்துச்சு. 2023-ல இண்டெக்ஸ் சுமார் 54 சதவீதம் ஏறிச்சு. அந்த ஃபண்டோ ஒரே வருஷத்துல கிட்டத்தட்ட 3 மடங்கு ஆச்சு. 2023 கடைசியில இதை வச்சு நிறைய வீடியோ வந்துச்சு, பார்த்திருப்பீங்க.

இப்போ ரெண்டு வருஷத்தையும் சேர்த்துப் பாருங்க. 2021 கடைசி நாள்ல இண்டெக்ஸ் ஃபண்ட்ல 100 ரூபாய் போட்டிருந்தா, 67 ஆகி, 2023 முடிவுல 103 ஆயிருக்கும். அதே 100 ரூபாய் 3 மடங்கு ஃபண்ட்ல 21 ஆகி, அங்கிருந்து ஏறி, 62 பக்கம் வந்து நின்னிருக்கும். இண்டெக்ஸ் புறப்பட்ட இடத்தைத் தாண்டிடுச்சு. 3 மடங்கு ஃபண்ட்ல இருந்தவங்களுக்கு இன்னும் மூணுல ஒரு பங்குக்கு மேல நஷ்டம். "நாஸ்டாக் திரும்பி வரும்"னு சொன்னவங்க சொன்னது சரி. ஆனாலும் பணம் போச்சு.

வாக்குறுதி ஒரு நாளைக்குத்தான்

இதுல மோசடி எதுவும் இல்ல. ஃபண்ட் தன்னோட வாக்கைக் காப்பாத்திச்சு. அந்த வாக்கு என்னன்னுதான் நாம சரியா படிக்கல. "இண்டெக்ஸோட *ஒரு நாள்* மாற்றத்துக்கு 3 மடங்கு தர முயற்சி செய்வோம்". அவ்வளவுதான். ஒரு மாசத்துக்கோ ஒரு வருஷத்துக்கோ 3 மடங்கு தருவோம்னு எங்கேயும் சொல்லல. தினமும் சந்தை மூடுறப்போ கணக்கு முடிஞ்சு, மறுநாள் புதுசா ஆரம்பிக்குது.

சின்ன கணக்கு போடுவோம். இண்டெக்ஸ் 100. முதல் நாள் 10 சதவீதம் விழுது, 90. மறுநாள் 10 சதவீதம் ஏறுது, 99. நஷ்டம் 1 ரூபாய். 3 மடங்கு ஃபண்ட் முதல் நாள் 30 சதவீதம் விழுது, 70. மறுநாள் 30 சதவீதம் ஏறுது. 70-ல 30 சதவீதம் 21 தானே? ஆக 91. நஷ்டம் 3 ரூபாய் இல்ல, 9 ரூபாய்.

சரி, சந்தை விழும்னு பந்தயம் கட்டுற இன்வெர்ஸ் ஃபண்ட் இருக்கே, அதாவது இண்டெக்ஸ் விழுந்தா ஏறுற ஃபண்ட்? அதுலயும் 3 மடங்கு உண்டு. முதல் நாள் 30 சதவீதம் ஏறி 130. மறுநாள் 30 சதவீதம் விழுந்து 91. ஏறும்னு சொன்னவருக்கும் 91, விழும்னு சொன்னவருக்கும் 91! சந்தை ஏறி இறங்கி கிட்டத்தட்ட அதே இடத்துல நின்னா, ரெண்டு பேருமே தோத்துப் போறாங்க.

இந்தப் பணம் எங்க போகுது? ஃபண்டுக்குள்ள தினமும் நடக்கிறதைப் பார்த்தா புரியும். உங்க 100 ரூபாயை வச்சு, வங்கிகளோட ஸ்வாப் ஒப்பந்தம் போட்டு, 300 ரூபாய்க்குச் சந்தையில நிக்குது ஃபண்ட். இண்டெக்ஸ் 10 சதவீதம் ஏறினா, ஃபண்டோட மதிப்பு 130, சந்தையில நிக்கிற தொகை 330. ஆனா 130-க்கு 3 மடங்குன்னா 390 வேணும். அதனால சந்தை மூடுற நேரத்துல இன்னும் 60 ரூபாய்க்கு வாங்கியாகணும். 10 சதவீதம் விழுந்தா மதிப்பு 70, நிக்கிற தொகை 270, இருக்க வேண்டியது 210. இப்போ 60 ரூபாய்க்கு விற்கணும். அதாவது ஏறின பிறகு வாங்கணும், இறங்கின பிறகு விற்கணும். நம்ம தாத்தா பாட்டி கூட செய்யாதீங்கன்னு சொல்ற வேலையை இது தினமும் விதிப்படி செய்யுது. நிர்வாகக் கட்டணமும், கடன் செலவும் இதுக்கு மேல.

மறுபக்கத்தையும் சொல்லிடணும். சந்தை ஒரே திசையில போனா இதே கணக்கு உங்களுக்குச் சாதகமா மாறும். தொடர்ந்து 3 நாள் 5 சதவீதம் ஏறினா இண்டெக்ஸ் சுமார் 15.8 சதவீதம் ஏறும். 3 மடங்கு ஃபண்ட் 52 சதவீதம் ஏறும், மூணு மடங்கை விட அதிகம். 2022-ல கூட பாருங்க, 33-ஐ மூணால பெருக்கினா 99. விழுந்தது 79 தான். ஆக, இந்த ஃபண்டோட எதிரி இறக்கம் மட்டும் இல்ல. அங்கேயும் இங்கேயும் அலையுற சந்தைதான் பெரிய எதிரி.

"ஆனா பத்து வருஷ சார்ட் வேற மாதிரி இருக்கே?"

இதுவும் அடிக்கடி வர்ற கேள்வி. உண்மைதான். அந்த ஃபண்ட் ஆரம்பிச்ச 2010 பிப்ரவரியில பணம் போட்டு அப்படியே விட்டிருந்தா, இன்னிக்கு நூறு மடங்குக்கும் மேல. ஆனா 2010-ங்கிற ஆரம்பப் புள்ளியைக் கவனிங்க. 2008 சரிவு முடிஞ்ச பிறகு அது பிறந்துச்சு. 2000-லேர்ந்து 2002 வரைக்கும் நாஸ்டாக்-100 சுமார் 83 சதவீதம் விழுந்தது அந்த சார்ட்ல இல்ல. இண்டெக்ஸே பழைய உச்சத்தைத் தொட சுமார் 15 வருஷம் ஆச்சு. அந்தக் காலத்துல இப்படி ஒரு ஃபண்ட் இருந்திருந்தா கிட்டத்தட்ட எதுவும் மிஞ்சியிருக்காது. இன்னொண்ணு, 79 சதவீதம் விழுந்த ஃபண்ட் பழைய நிலைக்கு வர 376 சதவீதம் ஏறணும். உங்க 5 லட்சம் 1 லட்சமா மாறி நிக்கிறப்போ, விற்காம உட்கார்ந்திருப்பீங்களா? சார்ட்ல அது வெறும் ஒரு கோடுதான். வாழ்க்கையில அது தங்கச்சி கல்யாணத்துக்கு வச்ச பணமா இருக்கலாம்.

விழும்னு பந்தயம் கட்டுறவங்க கதை

2025 ஏப்ரல்ல அமெரிக்கா இறக்குமதி வரி அறிவிச்சப்போ, நாஸ்டாக்-100 ரெண்டே நாள்ல 11 சதவீதம் விழுந்துச்சு. "இன்னும் விழும்"னு நிறைய பேர் இன்வெர்ஸ் ஃபண்ட் பக்கம் பார்த்தாங்க. ஏப்ரல் 9-ம் தேதி வரியைப் பெரும்பாலான நாடுகளுக்கு 90 நாள் நிறுத்தி வைக்கிறோம்னு அறிவிப்பு வந்துச்சு. அன்னிக்கு இண்டெக்ஸ் 12 சதவீதம் எகிறிச்சு. 3 மடங்கு இன்வெர்ஸ் ஃபண்ட்ல முந்தின நாள் நுழைஞ்சவங்களுக்கு மூணுல ஒரு பங்கு ஒரே நாள்ல காலி.

இதை விடப் பெரிய அடி 2018 பிப்ரவரி 5. சந்தையோட பதற்றத்தை அளக்கிற விக்ஸ் இண்டெக்ஸுக்கு எதிரா பந்தயம் கட்டுற எக்ஸ்ஐவி-ன்னு ஒண்ணு இருந்துச்சு. கிரெடிட் சுவிஸ் வெளியிட்ட நோட் அது. சந்தை அமைதியா இருந்த வரைக்கும் பணம் கொட்டிச்சு. அன்னிக்கு எஸ்&பி 500 விழுந்தது வெறும் 4 சதவீதம். விக்ஸ் ரெட்டிப்பாச்சு. எக்ஸ்ஐவி 90 சதவீதத்துக்கும் மேல மதிப்பை இழந்து, அந்த மாசமே மூடப்பட்டுச்சு. திரும்பி வர்றதுக்கு அது உயிரோடவே இல்ல.

2022-லேர்ந்து ஒரே ஒரு கம்பெனிப் பங்கை வச்சே அமெரிக்காவுல இந்த மாதிரி ஃபண்ட் வருது. பிட்காயின் வாங்கிக் குவிக்கிற ஸ்ட்ராட்டஜி, அதாவது பழைய மைக்ரோஸ்ட்ராட்டஜி, 2025-ல சுமார் பாதியா விழுந்துச்சு. அதோட 2 மடங்கு ஃபண்ட்கள் 80 சதவீதத்துக்கும் மேல விழுந்துச்சு.

அப்போ யாருக்குத்தான் இது?

தினமும் திரையைப் பார்த்து, ஒரு நாள், ரெண்டு நாள்ல வெளியே வர்ற டிரேடர்களுக்கு. அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்புகள் 2009-லயே இதைச் சொல்லி எச்சரிச்சிருக்காங்க. ஒரு இண்டெக்ஸ் 5 மாசத்துல 8 சதவீதம் ஏறியும், அதோட 3 மடங்கு ஃபண்ட் 53 சதவீதம் விழுந்துச்சு, இன்வெர்ஸ் ஃபண்ட் 90 சதவீதம் விழுந்துச்சுன்னு உதாரணத்தோட.

அதனால வாங்குறதுக்கு முன்னாடி உங்களையே மூணு கேள்வி கேட்டுக்கோங்க. எத்தனை நாள் வச்சிருக்கப் போறேன்? பதில் "வருஷம்"னு வந்தா, இது அதுக்கான பொருள் இல்ல. சந்தை ஏறும்னு மட்டும் நம்புறேனா, இல்ல பெருசா ஆடாம ஏறும்னும் நம்புறேனா? ரெண்டாவதும் நடந்தாதான் கணக்கு சரியா வரும். இந்தப் பணம் அஞ்சுல ஒரு பங்கா ஆனா என் வாழ்க்கையில எது நின்னு போகும்? வாடகை, வீட்டுக்கு அனுப்புற பணம், படிப்புக் கடன்னு ஏதாவது ஞாபகம் வந்தா, அந்த ஆப்பை மூடிடுங்க.

நாஸ்டாக் நீண்ட காலத்துல ஏறும்னு நம்புறீங்களா? 1 மடங்கு ஃபண்ட் வாங்கி, பொறுமையா இருங்க. அதுக்கே நிறைய பொறுமை வேணும்.

அடுத்த எபிசோடுல, வெளிநாட்டு முதலீட்டுக்கு வரி எப்படிங்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்றேன். உங்க கேள்விகளை அனுப்புங்க. சந்திப்போம்.