ஒரு ரூமுக்கு 51 ஓனர்... ஆள் வராத டைம்ஷேர் ரிசார்ட்டை என்ன செய்வாங்க?

ஒரே ஒரு ரூம். அதுக்கு 51 ஓனர்கள். தலை சுத்துதா? அமெரிக்காவின் பழைய டைம்ஷேர் ரிசார்ட்டுகள் பலவும் இப்படித்தான். வருஷத்துக்கு 52 வாரம். பெயின்ட் அடிக்க, ரிப்பேர் பார்க்க ஒரு வாரத்தை ஒதுக்கிட்டு, மிச்ச வாரங்களைத் தனித்தனியா வித்துடுவாங்க. 1960-களில் ஐரோப்பாவில் ஆரம்பிச்ச இந்த ஐடியா, 70-களில் ஃப்ளோரிடாவுக்கு வந்ததும் பிச்சுக்கிட்டுப் போச்சு. வீட்டுக்குப் போடுற மாதிரியே பத்திரம். காலாவதி தேதியே கிடையாது. பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும் சொத்துன்னு சொல்லித்தான் வித்தாங்க.

இப்போ அந்தப் பிள்ளைகள்தான் 'ஆளை விடுங்க'ன்னு ஓடுறாங்க. காரணம், பராமரிப்புக் கட்டணம். லீவுக்குப் போனாலும் கட்டணும், போகலைன்னாலும் கட்டணும். வித்துடலாம்னு பார்த்தா, ஒரு டாலருக்கு இணையத்தில் போட்டும் சீந்த ஆளில்லாத வாரங்கள் ஏராளம்.

சிக்கல் எங்கே வெடிக்குதுன்னு ஒரு சின்ன கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ரூமைப் பராமரிக்க வருஷத்துக்கு 51,000 டாலர் ஆகுதுன்னு வச்சுக்கோங்க. 51 பேர் இருந்தா தலைக்கு 1,000. அதில் 17 பேர் கட்டாம கைவிரிச்சா? மிச்சம் 34 பேர் தலையில் 1,500. அதைப் பார்த்து மிரண்டு இன்னும் பத்துப் பேர் கழண்டுக்குவாங்க. உடனே கட்டணம் மறுபடி ஏறும். கட்டாதவங்க வாரத்தை ஓனர்கள் சங்கம் சட்டப்படி பறிக்கலாம்தான். ஆனா பறிச்சு யார்கிட்ட விக்கிறது? அந்த வாரத்துக்கான செலவும் சங்கத்தின் தலையில்தான் விடியும். நடுவில் லிஃப்ட் ரிப்பேர், கூரை ஒழுகல்னு வந்துட்டா கதை கந்தல்.

'மூணு பில்டிங்கில் ஒண்ணை வித்துட்டு, எல்லாரும் ரெண்டு பில்டிங்கில் இருந்துக்கலாமே?' அப்படின்னு கேட்கத் தோணுதுல்ல? சரியான யோசனைதான். ஆனா பத்திரம் குறிப்பிட்ட ரூம், குறிப்பிட்ட வாரம்னு இருந்தா, விக்கிற பில்டிங்கில் இருக்கிற ஒவ்வொரு ரூமுக்கும் அம்பது கையெழுத்து தேடணும். சிலர் இறந்திருப்பாங்க, சிலர் விவாகரத்து ஆகிப் பிரிஞ்சிருப்பாங்க, வாரிசு யாருன்னே தெரியாது. அதனாலதான் ஓனர்கள் ரூம் பத்திரத்துக்குப் பதிலா பாயின்ட்ஸ் வச்சிருக்கும் ரிசார்ட்டுகளில் இந்த வேலை சுலபமா முடியுது. பாயின்ட்ஸுக்கு எந்த பில்டிங்கா இருந்தா என்ன?

சுருக்கவும் முடியலைன்னா மொத்தமா இழுத்து மூடுறதுதான் வழி. ஃப்ளோரிடா சட்டத்தில் இதுக்கு இடம் இருக்கு. பொதுவா மொத்த ஓட்டுகளில் 60 சதவிகிதம் கிடைச்சா திட்டத்தை முடிச்சுக்கலாம். கவனிங்க, ஓட்டுப் போட வந்தவங்களில் 60 இல்லை, மொத்தத்தில் 60. ஆர்வம் போனவர் தபாலையே பிரிக்க மாட்டார். அவரால்தான் ரிசார்ட் நொடிஞ்சது, அவர் ஓட்டு இல்லாம மூடவும் முடியாது. வேடிக்கைதான்!

அப்படியே ஓட்டுக் கிடைச்சு நிலத்தை வித்தாலும், கடலோரமா இருந்தா கையில் கொஞ்சம் காசு வரும். உள்ளடங்கின இடம்னா கடன் போக மிஞ்சுறது சொற்பம். உண்மையில் பாவம், வருஷம் தவறாம கட்டணம் கட்டி, அதே கிறிஸ்துமஸ் வாரத்துக்குப் பேரக் குழந்தைகளோட வர்ற வயசான தம்பதிதான். அவங்க விக்கணும்னு கேட்கவே இல்லை. ஆனா 60 சதவிகிதத்துக்கு முன்னாடி அவங்க ஓட்டு எடுபடாது.

ஸ்பெயின் இதில் கொஞ்சம் உஷார். 1998-லேயே சட்டம் போட்டு டைம்ஷேர் திட்டத்துக்கு 50 வருஷம்தான் உச்சவரம்புன்னு சொல்லிட்டாங்க. வரம்பை மீறி 'காலம் முழுக்க'ன்னு எழுதின ஒப்பந்தங்கள் செல்லாதுன்னு 2015-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் தீர்ப்பு கொடுத்தது.

இந்த அவஸ்தையில் மீன் பிடிக்கவும் ஒரு கூட்டம் இருக்கு. 'உங்க டைம்ஷேரை நாங்க வித்துத் தர்றோம், முதல்ல ஃபீஸ் கட்டுங்க'ன்னு போன் வரும். பணம் போனதும் நம்பரும் போயிடும். மெக்ஸிகோவில் போதைக் கடத்தல் கும்பலே இந்தத் தொழிலில் இறங்கி, 2023-ல் அமெரிக்க நிதித்துறை அதோடு தொடர்புள்ள கம்பெனிகள்மேல தடை போட்டது.

நம்ம ஊரில் நிலைமை வேற. இங்கே பெரும்பாலும் விக்கிறது 25 வருஷம் மாதிரி காலக்கெடு உள்ள மெம்பர்ஷிப். பத்திரம் இல்லை, அதனால பேரனுக்குக் கடன் போய்ச் சேராது. ஆனா வருஷாந்திரக் கட்டணம் இங்கேயும் உண்டு. மால் வாசலில் கூப்பனை நிரப்பச் சொல்லி, 'ஜோடியா வாங்க, டின்னர் ஃப்ரீ'ன்னு கூப்பிட்டா, சாப்பாட்டுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க: அந்தக் கட்டணம் வருஷத்துக்கு எவ்வளவு ஏறும்? நடுவில் வெளியே வரணும்னா எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? பதிலை வாயால் சொன்னா போதாது, ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தில் இருக்குன்னு காட்டச் சொல்லுங்க.