விழுங்கிய மாத்திரை எங்கே போகிறது? காட்டிக்கொடுக்கும் கார்பன்-14

ஒரு புது மருந்துக்கு அனுமதி கேட்டுப் போகும் நிறுவனத்திடம் கேட்கப்படும் முக்கியமான கேள்வி: ‘கொடுத்த மருந்து உடம்புக்குள்ள என்ன ஆச்சு? கணக்கு காட்டுங்க.’

காரணம் இருக்கு. உள்ளே போன மருந்தைக் கல்லீரல் வெட்டி, ஒட்டி வேறு பொருள்களாக மாற்றிவிடும். அதில் ஒன்று விஷமாகவும் இருக்கலாம். அளவு மீறிய பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுக்கிறதே, அந்த வேலையைச் செய்வது பாராசிட்டமால் அல்ல. அதிலிருந்து உருவாகும் இன்னொரு பொருள்.

ஆனால், உடம்பு முழுக்கவே கார்பன் சேர்மங்கள். மருந்தின் கார்பன் எது, காலையில் சாப்பிட்ட இட்லியின் கார்பன் எது என எப்படிப் பிரிப்பது?

இங்கேதான் கார்பன்-14 வருகிறது. சாதாரண கார்பனைவிட இதன் அணுக்கருவில் 2 நியூட்ரான்கள் அதிகம். வேதியியல் குணம் ஏறக்குறைய அதேதான் என்பதால் உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. ஆனா, இது வெளியிடும் மெல்லிய பீட்டா கதிர்வீச்சைக் கருவிகள் பிடித்துவிடும். 1940-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் மார்ட்டின் கேமனும் சாம் ரூபனும் கண்டறிந்தது இது. அரை ஆயுள் சுமார் 5,700 ஆண்டுகள். ஆய்வு முடிவதற்குள் தீர்ந்துவிடுமோ என்ற கவலை வேண்டாம்!

தன்னார்வலர்கள் சிலருக்கு, இந்த அணு மிகக் குறைந்த அளவில் பொருத்தப்பட்ட மருந்து ஒரு டோஸ் தரப்படும். பிறகு பல நாள்களுக்கு ரத்தம், சிறுநீர், மலம் எல்லாம் சேகரிக்கப்படும். (கிளாமரான வேலை இல்லைதான்.) உள்ளே போன கதிரியக்கத்தில் எவ்வளவு வெளியே வந்தது, எந்தெந்த மூலக்கூறாக வந்தது என எல்லாம் தெரிந்துவிடும்.

டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனைப் பொருத்துவது இதைவிட சுலபம். ஆனால், சில இடங்களில் அது உடம்பின் தண்ணீரோடு இடம் மாறிக் கழன்றுவிடும். கார்பன் மூலக்கூறின் எலும்புக்கூடு. அவ்வளவு லேசில் கழலாது.

சிக்கல் தயாரிப்பில்

அணு உலையில் உருவாகும் கார்பன்-14, ஆய்வகத்துக்குப் பெரும்பாலும் பேரியம் கார்பனேட் பொடியாக வரும். அதிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடு எடுத்து, படிப்படியாக மருந்தைக் கட்ட வேண்டும். 10 படிகள், ஒவ்வொன்றிலும் 70% தேறுகிறது என்று வையுங்கள். கடைசியில் மிஞ்சுவது 3 சதவீதத்துக்கும் குறைவு. வீணாவதோ விலை உயர்ந்த கதிரியக்கப் பொருள். குப்பையில் போட முடியாது.

அதனால் இப்போது வேதியியலாளர்கள் பிடித்திருக்கும் வழி, தயாரான மருந்திலேயே ஒரு கார்பனை மட்டும் மாற்றுவது. பிரான்ஸின் சக்லே ஆய்வு மையம் உட்பட சில குழுக்கள் இதில் தீவிரமாக இருக்கின்றன. ஐபுப்ரோஃபென் போன்ற மருந்துகளின் ஓரத்தில் கார்பாக்ஸில் என்ற பகுதி உண்டு. இத்தகைய மூலக்கூறுகளில் அந்தப் பகுதியைக் கார்பன் டை ஆக்ஸைடாகக் கழற்றி, அதே இடத்தில் கார்பன்-14 கொண்ட கார்பன் டை ஆக்ஸைடைச் சேர்க்கிறார்கள். பல படிகள் ஒன்றிரண்டாகச் சுருங்கிவிடும்.

குறையும் உண்டு. கழன்ற பழைய வாயுவும் அங்கேயே கலந்திருப்பதால் எல்லா மூலக்கூறிலும் மாற்றம் நடக்காது. தவிர, உடம்பே அந்த ஓரத்தைக் கழற்றிவிடும் மருந்து என்றால் அடையாளம் மூச்சுக்காற்றோடு போய்விடும். மீதி மூலக்கூறு எங்கே போனது என்று தெரியாது. அப்படிப்பட்ட மருந்துகளுக்கு இன்றும் பழைய நீண்ட வழிதான்.