பழைய லாரி வாங்கும் முன்

மாடு வாங்கச் சந்தைக்குப் போகிறவர், பல்லைப் பிடித்துப் பார்க்காமல் கயிற்றைக் கையில் வாங்கமாட்டார். ஆனால் பல லட்ச ரூபாய் பெறும் பழைய லாரியை, அதுவும் வெளிமாநில வியாபாரியிடம், கைப்பேசியில் வந்த படத்தை மட்டும் பார்த்துப் பேசி முடிப்போர் பலர். நாமக்கல், சங்ககிரி வட்டாரங்களில் லாரித் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று. ஆகவே, இவ்வியாபாரத்தில் கவனிக்க வேண்டியவற்றை ஈண்டு விளக்க விழைகிறேன்.

பழைய லாரியில் பார்க்க வேண்டியவை இரண்டு: ஒன்று வண்டி, மற்றொன்று அதன் காகிதங்கள்.

வண்டியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும். முன்பே ஓட்டிச் சூடாக்கிய எஞ்சின் தன் நோயை மறைத்துவிடும். முதலில் கை வைத்துப் பார்த்து, அதன் பிறகே ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். நீலப் புகை வந்துகொண்டே இருந்தால், எஞ்சின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். கரும்புகை வந்தால், டீசல் முழுமையாக எரியவில்லை. அடுத்து சேஸிஸைப் பார்க்க வேண்டும். பற்றவைத்த தடமோ, ஓரிடத்தில் மட்டும் புதுப் பெயிண்டோ தென்பட்டால், விபத்தில் அடிபட்ட வண்டியா என்று விசாரிப்பது நன்று. டயரின் பக்கத்தில் உள்ள 4 இலக்கங்கள் அதன் வயதைச் சொல்லும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள்.

இனி, காகிதங்கள். ஆர்.சி.யில் உள்ள எஞ்சின், சேஸிஸ் எண்கள் வண்டியில் பொறித்துள்ள எண்களோடு ஒத்திருக்க வேண்டும். எஃப்.சி., பர்மிட், இன்ஷூரன்ஸ், சாலைவரி ஆகியவை எதுவரை செல்லும் என்று பார்க்க வேண்டும். 8 ஆண்டுகளைத் தாண்டிய லாரிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுத்தாக வேண்டும். வெளிமாநில வண்டியானால், அங்குள்ள பதிவு அலுவலகத்தின் தடையில்லாச் சான்று தேவை; அதற்குரியது படிவம் 28. பெயர் மாற்றத்திற்குப் படிவம் 29, 30. கடன் தீர்ந்ததைப் பதிவு செய்யப் படிவம் 35. இங்குப் புதிய எண் பெறப் படிவம் 27.

படிவம் 35 எவ்வளவு முக்கியம் என்பதை எங்கள் வீடு பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டது. என் தந்தையார் 26 ஆண்டுகள் பிறருடைய லாரியை ஓட்டியவர். சொந்த வண்டி அவர் கனவு. ஆந்திரத்து வியாபாரி ஒருவர், "வேறு ஆள் கேட்கிறார், உடனே அனுப்புங்கள்" என்றதும், சீட்டுப் பணத்திலிருந்து ரூ. 50,000 முன்பணம் அனுப்பிவிட்டார். பிறகுதான் இருவரும் இரவு பஸ் ஏறினோம்.

தந்தையார் எஞ்சின் மீது கை வைத்தார், சத்தம் கேட்டார், சேஸிஸின் அடியில் படுத்துப் பார்த்தார். "வண்டி நல்ல வண்டிடா" என்றார். பிறகு காகிதங்களை என்னிடம் நீட்டி, "இதை நீ பாரு" என்றார். ஆர்.சி.யில் ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தது. கடன் தீர்ந்த சான்று எங்கே என்று கேட்டேன். "வந்துவிடும்" என்றார் வியாபாரி. அச்சான்று இல்லாமல் வண்டி நம் பெயருக்கு மாறாது. கடன் பாக்கி இருந்தால் நிதி நிறுவனம் வண்டியையே பிடித்துக்கொள்ளலாம். வெறுங்கையோடு திரும்பினோம். மூன்று மாதம் நடையாய் நடந்தும் முன்பணத்தில் பாதிதான் வந்தது.

ஊர் திரும்பும் வழியில் தந்தையார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "பணம் அனுப்பறதுக்கு முன்னாடியே உன்கிட்டக் காட்டியிருக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

வண்டி எண் தெரிந்தால் போதும்; கடன், எஃப்.சி., இன்ஷூரன்ஸ் விவரங்களை மத்திய அரசின் வாகன் இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். நம் கல்லூரியில் ஓட்டுநர் வீட்டுப் பிள்ளைகள் பலர் பயில்கின்றனர். தோழர்களே, வண்டியைத் தந்தையர் பார்க்கட்டும். காகிதங்களை நாம் பார்ப்போம். இரண்டும் முடிந்த பின்னரே முன்பணம் போகட்டும்.