போர் போடுவதற்கு முன் காற்றைப் பாருங்கள்

கச்சிராயபாளையத்தில் டீ குடித்துவிட்டு, கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறத் தொடங்கினால் கொஞ்ச தூரத்திலேயே வண்டி இரண்டாவது கியருக்கு இறங்கிவிடும். போன கோடையில் அந்த ஏற்றத்தில்தான் என் ஆர்எக்ஸ் 100-இன் சத்தம் மாறியது. தகர டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல் ஒரு சத்தம். அடுத்த வளைவில் பின்சக்கரம் இறுகி நின்றது. கிளட்சைப் பிடித்ததால் விழாமல் தப்பினேன். பிஸ்டன் பிடித்துக்கொண்டது.

அது இரண்டாவது தடவை. மூன்று மாதம் முன்பும் இதே மலையில் இப்படித்தான் ஆனது. ஒரு பட்டறையில் சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு, புது பிஸ்டன், புது ரிங் மாட்டிக் கொடுத்தார்கள். ஏன் பிடித்தது என்று அங்கே யாரும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும். எஸ்கார்ட்ஸுடன் சேர்ந்து யமஹா 1985-இல் கொண்டுவந்த வண்டி இது. 1996-இல் தயாரிப்பு நின்றுவிட்டது. 98 சிசி, 11 குதிரைத்திறன். சிலிண்டரின் உள்விட்டம் 50 மில்லிமீட்டர். தேய்ந்தால் கடைந்து பெரிதாக்கி 0.25, 0.50, 0.75, 1.00 என்று ஓவர் சைஸ் பிஸ்டன் போடலாம். அதற்கு மேல் ஸ்லீவ்தான். ஒவ்வொரு முறை போர் போடும்போதும் கம்பெனி சிலிண்டரின் ஆயுளில் கால் பங்கு போகிறது. காரணம் தெரியாமல் போட்டால் அந்தப் பங்கு வீண்.

இந்த முறை கள்ளக்குறிச்சியில் வயதான ஒரு மெக்கானிக்கிடம் போனேன். ஹெட்டைக் கழற்றி, பிஸ்டனை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். சைலன்சர் பக்கம் மட்டும் அலுமினியம் உருகி இழுத்த கோடுகள். சுற்றிலும் நாலு இடத்தில் கோடு இருந்தால் பிஸ்டன் டைட்டாக உட்கார்ந்திருக்கிறது என்பார்கள். ஒரு பக்கம் மட்டும் என்றால் சூடு. பிளக்கும் சாக்லேட் நிறத்தில் இல்லாமல் வெள்ளையாக வெளுத்திருந்தது.

“பெட்ரோல் கம்மியாப் போயிருக்கு, இல்லைன்னா காத்து அதிகமாப் போயிருக்கு தம்பி” என்றார்.

இந்த வண்டிக்கு ரேடியேட்டரும் கிடையாது, விசிறியும் கிடையாது. சிலிண்டரைச் சுற்றியுள்ள தகட்டு வரிகள்தான் வெளியே சூட்டை ஆற்றுகின்றன. மழைக்காலத்தில் மலைச் செம்மண் அந்த இடுக்குகளில் எண்ணெயோடு அப்பிக் காய்ந்தால், சூடு வெளியேறும் வழி அடைபடுகிறது. பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் வைத்துக் கழுவுவது சின்ன வேலை, ஆனால் பலரும் செய்வதில்லை. ஏற்றத்தில் ஆக்சிலேட்டர் முழுக்கத் திறந்திருக்கும், வேகம் 20-ஐத் தாண்டாது. எரிவது அதிகம், எதிர்க்காற்று குறைவு. அப்போது உள்ளிருந்து குளிர வைப்பது கிராங்க் கேஸ் வழியாகப் போகும் பெட்ரோலும் ஆயிலும்தான். கலவையில் காற்று கூடிவிட்டால் அந்த உதவியும் குறைந்துபோகும்.

அலுமினிய பிஸ்டன் 100 டிகிரி சூடேறினால் 50 மில்லிமீட்டர் விட்டத்தில் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் விரியும். இரும்பு லைனர் அதில் பாதிதான் விரியும். இரண்டுக்கும் நடுவே விடும் இடைவெளியோ மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அது காணாமல் போக ஒரு ஏற்றம் போதும்.

காற்று எங்கிருந்து நுழைகிறது என்று அவர் கண்டுபிடித்த விதத்தை மறக்க முடியாது. என்ஜினை மறுபடி பூட்டி, சைலன்சர் வாயையும் கார்புரேட்டர் வாயையும் ரப்பர் வைத்து இறுக்கி அடைத்தார். பிஸ்டனைக் கீழே இறக்கி நிறுத்தினார். பிறகு பெட்டியைத் திறந்து எடுத்தது டாக்டர் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி! அதன் குழாயை பிளக் துளையில் பொருத்தி, ரப்பர் பந்தை அமுக்கி 300 வரை ஏற்றினார். இந்த என்ஜினைச் சோதிக்க அவ்வளவு அழுத்தம் போதும்; கூட ஏற்றினால் சீலே பிதுங்கிவிடும். நல்ல என்ஜினில் முள் சில நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். என் வண்டியில் கண்ணெதிரே இறங்கியது. மேக்னெட்டைக் கழற்றிவிட்டு சோப்புத் தண்ணீர் தடவினார். கிராங்க் ஆயில் சீலின் ஓரத்தில் கடுகளவு நுரை முளைத்து, வெடித்து, மறுபடி முளைத்தது.

சின்ன ரப்பர் வளையம்தான். அதற்காக நான் இரண்டு போர் கொடுத்திருக்கிறேன்.

கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை வரும், உடனே தெரிந்துவிடும். மேக்னெட் பக்கம் சத்தமே இல்லாமல் காற்றை இழுக்கும். பழைய டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் போருக்குப் பணம் கொடுக்கும் முன் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டு சீலும் மாற்றினோம். புது பிஸ்டனைக் கையில் வாங்கி அளந்த பிறகே சிலிண்டரை லேத்தில் கடைந்தார்கள். போர்ட் விளிம்புகளின் கூர்மையை அவரே எமரியால் மழுக்கினார். இல்லாவிட்டால் ரிங் அதில் மாட்டும். முன்பு யாரோ கழற்றி எறிந்திருந்த ஆயில் பம்பையும் தேடிப் பிடித்துப் பூட்டினார். ஆயிலைப் பெட்ரோலில் கலந்து ஓட்டினால், வெள்ளிமலையிலிருந்து ஆக்சிலேட்டரை மூடி இறங்கும்போது என்ஜின் சுற்றிக்கொண்டே இருக்கும், தேவையான ஆயில் போகாது. பம்ப் இருந்தால் கிராங்க் சுற்றும்வரை கொஞ்சமாவது ஊற்றும்.

1,000 கிலோமீட்டர் சமவெளியிலேயே நிதானமாக ஓட்டினேன். பிறகு ஒரு காலையில் அதே ஏற்றம். வெள்ளிமலையில் நிறுத்தி, ஆறவிட்டு, பிளக்கைக் கழற்றினேன். சாக்லேட் நிறம்.