உங்களுக்குத் தெரியுமா? கொரோனாவும் கடல் கடந்த படிப்பும்

ஒடுகத்தூரிலிருந்து வெளிநாட்டுக்குப் படிக்கக் கிளம்பும் பிள்ளைக்கு முதல் எல்லை மீனம்பாக்கம்தானே? 2020 ஜூலையில் அப்படி இல்லை. மாவட்ட எல்லை தாண்டி, பக்கத்து ஆம்பூருக்குப் போகவே இ-பாஸ் வேண்டியிருந்தது. 2019-இல் வேலூர் மூன்றாகப் பிரிந்ததில் ஒடுகத்தூர் வேலூரிலேயே நிற்க, ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. மாநிலத்துக்குள் இ-பாஸ் ஒழிந்தது 2020 செப்டம்பர் 1-இல்தான்.

இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி ஒரு மாணவி. ஊகானில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது ஊர் திரும்பியவர். திருச்சூரில் 2020 ஜனவரி 30 அன்று தொற்று உறுதியானது. அடுத்த சில நாட்களில் ஏர் இந்தியாவின் இரண்டு விமானங்கள் ஊகானிலிருந்து 647 இந்தியரை அழைத்து வந்தன. பெரும்பாலோர் மாணவர்கள்.

வந்தவர்கள் திரும்பிப் போக எவ்வளவு காலம் ஆனது தெரியுமா? 2020 மார்ச் 28-இல் கதவைச் சாத்திய சீனா, மாணவர் விசாவை மறுபடி கொடுக்கத் தொடங்கியது 2022 ஆகஸ்ட் 24-இல். சுமார் 23,000 இந்திய மாணவர்கள் காத்துக் கிடந்தார்கள்; பெரும்பாலோர் எம்.பி.பி.எஸ். படித்தவர்கள். நோயாளியின் நாடியைத் தொட்டுக் கற்க வேண்டிய பாடத்தைச் செல்போன் திரையில் கேட்டார்கள். கடன் வாங்கிக் கட்டிய கட்டணத்துக்கு அதுதான் கிடைத்தது. அந்தக் காலத்தின் பெரிய அநியாயம் இதுவே என்பேன்.

84, 28. இந்த இரண்டு எண்களையும் 2021-இல் கிளம்பிய மாணவர்கள் மறக்க மாட்டார்கள். கோவிஷீல்டு இரண்டாம் ஊசிக்கு மற்றவர்கள் 84 நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்கள் 28 நாளிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று 2021 ஜூனில் மத்திய அரசு விலக்கு தந்தது. சான்றிதழில் பாஸ்போர்ட் எண்ணும் ஏறியது. முழுப் பிறந்த தேதி சேர்ந்தது பிறகுதான்.

கோவாக்சின் போட்டவர்கள் பாடு இன்னும் மோசம். உலக சுகாதார நிறுவனம் அதை ஏற்றது 2021 நவம்பர் 3-இல். ஆகஸ்ட், செப்டம்பரிலேயே வகுப்புகள் தொடங்கிவிட்டன.

கனடா 2021 ஏப்ரல் 22 முதல் செப்டம்பர் 26 வரை இந்திய விமானங்களை நிறுத்தியது. மாணவர்கள் தோஹா, மாலத்தீவு, மெக்சிகோ என்று சுற்றிப் போனார்கள். கடைசியாக ஏறும் நாட்டிலேயே ஆர்டி-பிசிஆர் எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. பிள்ளை இன்று எந்த நாட்டில் தூங்குகிறது என்று வீட்டில் விழித்திருந்த இரவுகளை யார் கணக்கெடுப்பது?

பிரிட்டனின் சிவப்புப் பட்டியலில் இந்தியா இருந்தபோது, பத்து நாள் ஓட்டல் தனிமைக்கு 1,750 பவுண்டு. நம் பணத்தில் ஏறக்குறைய 1.8 லட்சம்.

ஆனால் அமெரிக்கா 2021 மே 4-இல் இந்தியாவிலிருந்து வருவோருக்குத் தடை போட்டபோதும், ஆகஸ்ட் முதல் படிப்பு தொடங்கும் மாணவர்களுக்கு விலக்கு அளித்தது.

கடலைத் தாண்டும் தமிழருக்குத் தனிமை முகாம் புதிதா என்றால், இல்லை. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களைத் தொற்றுநோய் பயத்தில் இராமேசுவரம் வழியில் தங்கவைத்தார்கள். 'மண்டபம் கேம்ப்' என்ற ஊர்ப் பெயரில் வரும் கேம்ப் அந்த முகாம்தான்.

2020 மார்ச் 23-இல் நின்ற வழக்கமான பன்னாட்டு விமானங்கள் இந்தியாவிலிருந்து மறுபடி புறப்பட்டது 2022 மார்ச் 27-இல். இரண்டு ஆண்டும் நான்கு நாளும்.