உப்பு யாருடைய அதிகாரம்? – அரசியல் பாடம் பற்றி ஒரு விளக்கம்

"என்ன படிக்கிறாய்?" என்று கேட்பவரிடம் "பி.ஏ., அரசியல் அறிவியல்" என்று விடை கூறினால், அடுத்த கேள்வி பெரும்பாலும் "எந்தக் கட்சி?" என்பதாகவே இருக்கும். கணிதம் படிப்பவனைப் பார்த்து, எந்தக் கடையில் கணக்கு எழுதப் போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. தாவரவியல் படிக்கும் மாணவியிடம் தோட்ட வேலை தெரியுமா என்றும் கேட்பதில்லை. நம் துறைக்கு மட்டும் இந்தப் பெருமை! வேறு பிரிவில் இடம் கிடைக்காமல் இங்கு வந்து சேர்ந்தவர்களும் நம்மிடையே உண்டு, அதை மறைப்பதற்கில்லை. எப்படி வந்திருந்தாலும், வந்த இடம் எது என்று தெரிந்துகொள்வது நல்லது. இக்கட்டுரை முதலாண்டு மாணவ நண்பர்களை எண்ணியே எழுதப்படுகிறது.

குழப்பத்திற்கு ஒரு காரணம் சொல்லிலேயே இருக்கிறது. 'அரசியல்' என்னும் ஒரே சொல் தேர்தல் மேடையையும் குறிக்கிறது. அரசின் இயல்பை ஆராயும் கல்வியையும் குறிக்கிறது. திருக்குறள் பொருட்பாலின் முதல் 25 அதிகாரங்களுக்கு 'அரசியல்' என்றே பெயர். அங்கே கட்சியும் இல்லை, வாக்குச் சீட்டும் இல்லை. இலங்கைத் தமிழர் இப்பாடத்தை 'அரசறிவியல்' என்கின்றனர். அது குழப்பமில்லாத சொல். நாமும் அதையே எடுத்துக்கொண்டிருந்தால் பாதி விளக்கம் மிச்சமாகியிருக்கும்.

பாடம் மிகப் பழையது. கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில் தம் காலத்து அரசுகளில் 158-இன் அமைப்பு முறைகளைத் திரட்டச் செய்தார் என்பர். அவற்றுள் ஏதென்ஸ் நகரைப் பற்றிய ஒன்று மட்டும் எகிப்திய மணலிலிருந்து கிடைத்து, 1891-இல் அச்சாயிற்று. நம் நாட்டில் பல தலைமுறை மாணவர்கள் படித்த 'தி சப்ஸ்டன்ஸ் ஆஃப் பாலிடிக்ஸ்' என்ற பாடநூலை 1942-இல் எழுதியவர் சென்னையில் பணியாற்றிய ஏ. அப்பாதுரை. கல்லூரியில் பட்டப் படிப்புப் பாடங்களைத் தமிழிலேயே கற்பிக்கும் முயற்சி 1960-இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தொடங்கியது. தமிழில் இன்று நாம் 'இறைமை' என்றும் 'கூட்டாட்சி' என்றும் தயங்காமல் விடைத்தாளில் எழுதுகிறோம் என்றால், அன்று சொல் தேடி அலைந்த ஆசிரியர்களின் உழைப்பே அதற்குக் காரணம்.

வரலாறு இருக்கட்டும். பாடத்தின் உயிர் எது? எனக்குத் தெரிந்தவரை அது ஒரே கேள்விதான். ஓர் அதிகாரத்தைக் கண்டால், 'இது யாருடையது, எந்தச் சட்டம் கொடுத்தது, இதை வைத்திருப்பவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்?' என்று கேட்பது. மூன்றாண்டுகளில் நாம் படிக்கும் அரசியல் கோட்பாடு, இந்திய அரசியலமைப்பு, ஒப்பீட்டு அரசியல், பொது நிர்வாகம் அனைத்தும் இந்தக் கேள்வியை வெவ்வேறு பக்கங்களிலிருந்து கேட்கின்றன. இதைப் பயில்வதற்கு எங்கள் இடையஞ்சாவடியைப் போன்ற இடம் அரிது என்றே சொல்வேன். வானூர் வட்டத்துச் சிற்றூர் அது. வடக்கே மரக்காணத்து உப்பளங்கள், தெற்கே புதுச்சேரி, பக்கத்திலேயே ஆரோவில். மிதிவண்டியும் பேருந்துக் கட்டணமும் இருந்தால் நான்கு வகை ஆட்சிகளை ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

முதலில் உப்பு. மரக்காணம் பகுதியில் பாத்தி கட்டி, கடலோரத்து உவர் நீரை வெயிலில் காயவைத்து உப்பு வாருவது வழிவழித் தொழில். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் பாத்திகள் மூழ்கும், வேலை நின்றுவிடும். இந்த உப்பு யாருடைய அதிகாரத்தில் இருக்கிறது? மண் தமிழ்நாட்டு மண், உழைப்பு தமிழ்நாட்டார் உழைப்பு. ஆகவே மாநில அரசு என்றே நம்மில் பலர் சொல்வோம். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையைத் திறந்து பாருங்கள். மத்தியப் பட்டியலில் 58-ஆவது இனமாக உப்பு நிற்கிறது. அதற்கு முந்திய 57-ஆவது இனம் நாட்டின் ஆட்சிக்குட்பட்ட கடலெல்லைக்கு அப்பால் மீன்பிடித்தல். கரையை ஒட்டிய மீன்பிடித்தலோ மாநிலப் பட்டியலில் 21-ஆவது இனம். ஒரே குப்பத்தில் அண்ணன் உப்பளத்திற்கும் தம்பி கடலுக்கும் போகிறார்கள் என்றால், அண்ணனின் தொழில் டெல்லிப் பட்டியலில். தம்பியின் படகு கரையை விட்டு எவ்வளவு தூரம் போகிறது என்பதைப் பொறுத்துப் பட்டியலே மாறும்!

உப்பு ஏன் மத்திய அரசிடம் போயிற்று? இங்கேதான் பாடம் சுவைக்கத் தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி 1805-இல் சென்னை மாகாணத்து உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. ஏழையும் செல்வரும் ஒரே அளவு உண்ணும் பொருளாகையால், அதன்மேல் போட்ட வரி தவறாமல் வந்துகொண்டே இருந்தது. அப்படிப்பட்ட வருவாயை எந்த அரசுதான் மாகாணங்களுக்கு விட்டுக்கொடுக்கும்? 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்திலும் உப்பு மத்தியப் பட்டியலிலேயே வைக்கப்பட்டது. இதற்கிடையில் 1930 மார்ச் 12-இல் காந்தியடிகள் தண்டிக்கு நடந்தார். ஏப்ரல் 13-இல் இராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களுடன் வேதாரண்யத்திற்கு நடந்தார். 1947 ஏப்ரல் முதல் நாள் உப்பு வரி ஒழிந்தது. ஆனால் மூன்றாண்டுகள் கழித்து நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பில் உப்பு மீண்டும் மத்தியப் பட்டியலிலேயே இருந்தது. வரி போயிற்று, அதிகாரம் போகவில்லை. வரலாற்று வகுப்பில் உப்புச் சத்தியாக்கிரகம் 1931-இல் காந்தி – இர்வின் உடன்படிக்கையோடு முடிந்துவிடும். நம் வகுப்பில் அதற்குப் பின்னும் ஒரு கேள்வி எழுகிறது.

இது ஏட்டுக் கேள்வி அன்று. மரக்காணம் உப்பளங்களில் ஒரு பகுதி மத்திய அரசின் உப்புத் துறைக்குரிய நிலம். அத்துறையின் தலைமையகம் இருப்பது ராஜஸ்தானத்தின் ஜெய்ப்பூரில். சென்னையில் துணை அலுவலகம். மத்திய அரசின் சொத்து என்றால் அரசியலமைப்பின் 285-ஆம் விதி குறுக்கே வந்து நிற்கும். நாடாளுமன்றம் வேறு விதமாகச் சட்டம் செய்தாலன்றி, மாநிலமோ ஊராட்சியோ அதன்மேல் வரி விதிக்க முடியாது.

இனி ஓர் உப்பளத் தொழிலாளியின் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். துறைக்குரிய பாத்தியின் குத்தகையில் தகராறு என்றால் அது உப்புத் துறையின் வேலை. கூலி குறைவு என்றால் தொழிலாளர் நலம் பொதுப் பட்டியலில் வருவது; மாநிலத்தின் தொழிலாளர் துறையை அணுக வேண்டும். குடிதண்ணீர்க் குழாய் வரவில்லை என்றால் ஊராட்சி. மழைக்காலத்தில் வேலையில்லாத மாதங்களுக்கென உப்பளத் தொழிலாளர் குடும்பத்திற்கு ரூ. 5,000 நிவாரணம் தரும் திட்டம் மாநில அரசினுடையது. இந்த நான்கு குறைகளையும் ஒரே தாளில் எழுதித் திங்கட்கிழமை மனு நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டுத் திரும்புபவர்கள் எத்தனை பேர்! மனு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றும். 'இது எங்கள் அதிகாரத்திற்கு உட்பட்டதன்று' என்ற பதில் பல மாதம் கழித்து வரும். பதில் எழுதியவர் பொய் சொல்லவில்லை. ஆயினும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவருக்கு அந்த நாள் திரும்ப வராது. அதே மனுவை நான்கு தாளாகப் பிரித்து, நான்கு முகவரிகளைச் சரியாக எழுதித் தருவதற்கு ஒரு பிள்ளை அந்தத் தெருவில் வேண்டும். அரசியல் பட்டப் படிப்பின் பயன் என்ன என்று கேட்பவர்க்கு நான் முதலில் சொல்லும் விடை இதுவே.

மரக்காணத்தை ஒட்டிய கழுவேலி நீர்ப்பரப்பையும் மறக்கலாகாது. 2021 டிசம்பரில் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. காடும், வனவிலங்கு – பறவைப் பாதுகாப்பும் முன்பு மாநிலப் பட்டியலில் இருந்தவை. 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தம் அவற்றைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. கல்வியும் அதே திருத்தத்தில்தான் மாறியது. நம் கல்லூரியும் கழுவேலிப் பறவைகளும் ஒரே நாளில் இடம் மாறியவை என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

தெற்கே போவோம். புதுச்சேரி எல்லை நேர்கோடு அன்று. தமிழ்நாட்டு ஊர்களும் புதுச்சேரி ஊர்களும் ஒன்றன் நடுவே ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் போரிட்டும் பேரம் பேசியும் பிரித்துக்கொண்டதன் எச்சம் அது. 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தனர்; இந்தியாவுடன் இணைவதற்கு ஆதரவாக 170, எதிராக 8. நவம்பர் முதல் நாள் நிர்வாகம் கைமாறியது. ஆனால் சட்டப்படியான மாற்றம் நிறைவேறியது 1962 ஆகஸ்டு 16-இல்தான். நடைமுறை ஆட்சிக்கும் சட்டப்படியான ஆட்சிக்கும் வேறுபாடு என்ன என்று தேர்வில் கேட்டால், வெளிநாட்டு உதாரணம் தேடி அலைய வேண்டாம். நடுவில் இருந்த அந்த எட்டு ஆண்டுகளை எழுதுங்கள்.

அங்கும் முதலமைச்சர் உண்டு, இங்கும் உண்டு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அங்குள்ள சட்டமன்றம் 1963-ஆம் ஆண்டின் ஒன்றிய ஆட்சிப்பகுதிகள் சட்டத்தால் அமைந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட 30 உறுப்பினருடன் மூவர் வரை மத்திய அரசு நியமிக்கலாம். அவர்களுக்கு வாக்குரிமையும் உண்டு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2021 பிப்ரவரி 22-இல் நாராயணசாமி அமைச்சரவை பெரும்பான்மையை இழந்து விலகியபோது எதிர்வரிசையில் இருந்த 14 பேரில் மூவர் நியமன உறுப்பினர்கள். இது முறையா, முறையற்றதா என்பதில் வகுப்பில் எவ்வளவு வேண்டுமானாலும் வாதிடலாம். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்த பின் வாதிடுவதற்கும், தெரியாமல் தேநீர்க் கடையில் வாதிடுவதற்கும் வேறுபாடு உண்டு.

இனி ஆரோவில். 1968 பிப்ரவரி 28-இல் தொடங்கப்பெற்ற நகரம். அன்னையின் மறைவுக்குப் பின் (1973) நிர்வாகத்தில் பிணக்கு முற்றியது. 1980-இல் மத்திய அரசு நிர்வாகத்தைத் தற்காலிகமாக ஏற்கச் சட்டம் செய்தது. சங்கங்கள் பற்றிய அதிகாரம் மாநிலத்தினுடையது, நாடாளுமன்றம் எப்படிச் சட்டம் செய்யலாம் என்று வழக்குத் தொடரப்பட்டது. மதச் சுதந்திரம் மீறப்பட்டது என்பது மற்றொரு வாதம். 1982 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. வேறு எந்தப் பட்டியலிலும் அடங்காதது மத்தியப் பட்டியலின் 97-ஆவது இனத்தில் அடங்கும் என்றது. ஸ்ரீ அரவிந்தரின் போதனை மதமன்று என்பது பெரும்பான்மை நீதிபதிகள் கருத்து. நீதிபதி சின்னப்ப ரெட்டி அந்த ஒன்றில் மட்டும் மாறுபட்டார். எஸ்.பி. மிட்டல் வழக்கு என்று சட்ட நூல்கள் குறிப்பிடுவது இதுவே. நாங்கள் ஆடு மேய்க்கும் மேட்டு நிலத்தைச் சுற்றி நடந்த வழக்கு நாடு முழுவதும் சட்ட மாணவர்களுக்குப் பாடமாக இருப்பது எங்கள் ஊரில் பலருக்குத் தெரியாது! 1988-ஆம் ஆண்டுச் சட்டம் ஆரோவில்லுக்கு ஆட்சிக் குழு, குடியிருப்போர் பேரவை, பன்னாட்டு ஆலோசனைக் குழு என மூன்று அமைப்புகளைத் தந்தது. சுற்றியுள்ள ஊர்களுக்கோ 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம்.

ஊராட்சி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அரசியலமைப்பின் 243-இ விதி, ஐந்தாண்டு முடிவதற்குள் ஊராட்சித் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது. 2016 அக்டோபரில் நடைபெறவிருந்த தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தது. அதன்பின் வார்டு எல்லை, மாவட்டப் பிரிவினை என்று காலம் ஓடிற்று. விழுப்புரம் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபரில்தான் நடந்தது. ஐந்தாண்டுக் காலம் தனி அலுவலர் ஆட்சி. அக்காலத்தில் தெருவிளக்கு எரியாததற்கு யாரைக் கேட்பது என்று தெரியாமல் நின்றவர்கள் நாங்கள். புதுச்சேரியாரைப் பார்த்துப் பொறாமைப்படவும் வழியில்லை. அங்கே 1968-க்குப் பின் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-இல். விதியைப் படிப்பதோடு, அது எங்கே எப்படி நழுவிற்று என்று தேடிப் பார்ப்பதும் நம் பாடத்தின் பகுதியே.

(இடையில் ஒரு சொல்: 'ஒன்றியம்' என்பது எங்களுக்கு வானூர் ஊராட்சி ஒன்றியம். இப்போது மத்திய அரசையும் அச்சொல்லால் வழங்குகின்றனர். முதலாண்டு மாணவர்கள் விடைத்தாளில் எதைக் குறிக்கிறோம் என்று தெளிவாக எழுதுவது மதிப்பெண்ணுக்கு நல்லது.)

வேலை வாய்ப்புப் பற்றிக் கேட்பீர்கள். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதித் தேர்வுகளில் இந்திய ஆட்சியியல் ஒரு பகுதி. மத்தியத் தேர்வாணையத்தின் குடிமைப் பணித் தேர்வில் இது விருப்பப் பாடம். மூன்றாண்டுச் சட்டப் படிப்பிற்கும் போகலாம். விழுப்புரத்திலேயே 2017 முதல் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. மேனிலைப் பள்ளிகளில் அரசியல் அறிவியல் ஒரு பாடமாதலால் ஆசிரியப் பணிக்கும் வழியுண்டு. பட்டம் வாங்கிய மறுநாள் வேலை நாற்காலி காத்திருக்கும் என்று மட்டும் யாரும் நம்ப வேண்டாம். எந்தக் கலைப் பட்டத்திற்கும் அப்படி இல்லை.

படிக்கும் முறை பற்றி ஒன்று. குறிப்புப் புத்தகத்தை மனப்பாடம் செய்வதற்கு முன், அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையை ஒரு முறை முழுவதும் வாசியுங்கள். பிறகு உங்கள் தெருவில் கண்ணுக்குப் படும் பத்துப் பொருள்களை எழுதி, ஒவ்வொன்றும் எந்தப் பட்டியலில் வருகிறது என்று தேடுங்கள். கிராம சபைக் கூட்டம் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களுக்கென வகுக்கப்பட்டுள்ளது. பதினெட்டு வயது நிரம்பி, ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள நாமெல்லாம் அதன் உறுப்பினர்கள். வரவு – செலவுக் கணக்கை அங்கே வாசிப்பார்கள். குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.